கோத்தகிரியில் கடல்பாசி தேடிய கதை

போன நவம்பரில் ஒரு சாயங்காலம். பனிமூட்டம் வாசல்வரை வந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் குடையைக்கூட மடக்காமல் படியில் நின்றபடியே கேட்டாள்: "மாமா, நம்ம ஊர்ல கடல்பாசி எங்க கிடைக்கும்?"

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கேள்வியின் அழகை நான் ரசித்து முடிப்பதற்குள் அவளே விளக்கினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. கடல்பாசியை வைத்துச் சாயக்கழிவு நீரிலிருந்து நிறத்தை எடுக்கலாம் என்று எங்கோ படித்துவிட்டு, அதையே தலைப்பாகப் பெயர் கொடுத்துவிட்டாள். கடைவீதியில் கேட்டிருக்கிறாள். மளிகைக்கடைக்காரர், நோன்புக் காலத்தில் ஜெல்லி செய்ய வாங்குவார்களே, அந்த சைனா கிராஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதை நீலத் தண்ணீரில் போட்டு இரண்டு நாள் காத்திருந்தாளாம். நார் ஊதிப் பெருத்தது. நார் நீலமானது. தண்ணீரும் பழையபடி நீலமாகவே இருந்தது.

நான் இங்கே மாலை நேரத்தில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் கீழே சமவெளியில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் ஷேடு பார்க்கிற வேலை. அதனால் அவளுடைய தோல்வி எனக்குப் பிடித்திருந்தது. பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

குடிப்பது வேறு, பிடிப்பது வேறு

சைனா கிராஸ் என்பது அகர். கடலில் வளரும் சிவப்புப் பாசிகளைக் கொதிக்கவைத்து வடித்து எடுப்பது. தண்ணீரில் போட்டால் பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துப் பெருக்கும். அவள் போட்ட நாரும் நீலத் தண்ணீரை அப்படியே குடித்தது. நாருக்குள்ளே இருக்கிற தண்ணீரிலும் வெளியே இருக்கிற தண்ணீரிலும் சாயம் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதற்குப் பெயர் உறிஞ்சுதல். இதனால் வெளியே இருக்கிற தண்ணீர் தெளியாது.

நமக்கு வேண்டியது வேறொன்று. டீ குடித்த கோப்பையை ராத்திரி முழுக்கக் கழுவாமல் விட்டால் காலையில் உள்பக்கம் பழுப்பு வளையம் படிந்திருக்கும். கோப்பை டீயைக் குடிக்கவில்லை. டீயில் இருந்த சில மூலக்கூறுகள் தண்ணீரை விட்டுவிட்டுக் கோப்பையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டன. பாடநூல்கள் இந்த வேலையைப் பரப்புக் கவர்தல் என்று சொல்லும். சாயத்தண்ணீரில் ஒரு திடப்பொருளைப் போட்டுக் கலக்கி, சாய மூலக்கூறுகளை அதன் மேற்பரப்பில் ஒட்டவைத்து, பிறகு அந்தப் பொருளை வடிகட்டி எடுத்துவிடுவது. மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒன்றை ஆரம்பத்திலேயே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். சாயம் அழியவில்லை. இடம் மாறியிருக்கிறது. தண்ணீரில் இருந்தது இப்போது அந்தத் திடப்பொருளில், அதாவது சக்கையில், இருக்கிறது. கண்காட்சி மேசைகளில் இந்த இடத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம்மூரில் கலங்கிய தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை உரைப்பார்களே, அதுதானா இது என்று கேட்கலாம். இல்லை. தேத்தாங்கொட்டை செய்வது மிதக்கும் மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியாக்கி அடியில் இறக்குவது. மண் தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. துணிச் சாயங்களில் பெரும்பாலானவை சர்க்கரை மாதிரி முழுசாகக் கரைந்திருக்கும். எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அடியில் தங்காது. துணி வடிகட்டியிலும் சிக்காது. பாலியெஸ்டர் துணிக்குப் போடும் சாயம் மட்டும் விதிவிலக்கு. அது நுண்ணிய தூளாக மிதப்பது என்பதால் படிகாரம் மாதிரி எதையாவது போட்டே ஓரளவு இறக்கிவிடலாம்.

சாயம் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே பல சாயங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வீட்டு மாடியில் இருக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிராம். அரிசி எண்ணினால் ஐம்பது மணி எடைகூட இராது. அதற்கே தொட்டி நிறம் மாறும்.

1856-இல் லண்டனில் பதினெட்டு வயதுப் பையன் வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினினைச் செய்யப் போய், தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைச் செய்தார். அதிலிருந்து செயற்கைச் சாயங்களின் காலம் தொடங்கியது. அன்றிலிருந்து சாய வேதியியலாளர்களின் ஒரே கனவு: வெயிலில் வெளுக்கக் கூடாது, சோப்பில் போகக் கூடாது, வியர்வையில் இறங்கக் கூடாது. அந்தக் கனவு நன்றாகவே பலித்தது. பலித்ததன் மறுபக்கம், கழிவுநீர்த் தொட்டியில் இருக்கிற நுண்ணுயிர்களாலும் அதைச் சுலபமாகத் தின்ன முடிவதில்லை. ஆற்றில் கலந்தால் வெளிச்சம் அடிவரை போகாது. நீருக்குள் இருக்கும் செடிகளும் பாசிகளும் உணவு தயாரிக்க வழியில்லாமல் தவிக்கும். சில வகைச் சாயங்கள் காற்றில்லாத சேற்றில் உடைந்து, சாயத்தைவிடக் கெட்ட பொருள்களாக மாறுவதும் உண்டு.

பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்களைத்தான் போடுகிறார்கள். போட்டதில் 60 முதல் 90 சதவீதம் துணியோடு பிணைந்துகொள்ளும். மிச்சம் தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டுப்போய், அலசும் நீரில் வெளியேறும். கெட்டுப்போன சாயத்தை மறுபடி துணிக்குப் போட முடியாது. ஆனால் நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

மலையில் இருக்கிற நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம்தான். கோத்தகிரிச் சரிவில் இறங்கும் ஓடைகள் பவானிக்கும் மாயாற்றுக்கும் போகின்றன. இரண்டும் பவானிசாகரில் சேர்ந்து, ஈரோட்டுப் பக்கம் ஓடிக் கூடுதுறையில் காவிரியோடு கலக்கின்றன. இங்கே நம் தோட்டத்து ஓரத்தில் கண்ணாடியாக ஓடுகிற தண்ணீர்தான் கீழே போய்ச் சாயப்பட்டறைப் பகுதியைக் கடக்கிறது.

பஸ்ஸும் சீட்டும்

மூலக்கூறு ஒட்டுவதற்கு இடம் வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸை வைத்து இதைச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம்.

பஸ் நிலையத்தில் காலி பஸ் வந்து நிற்கிறது. முதல் இரண்டு நிமிடத்தில் கூட்டம் பாய்ந்து ஏறுகிறது. அதன் பிறகு காலி சீட்டு தேடித் தேடி உட்கார வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. சக்கையைச் சாயத்தண்ணீரில் போட்டாலும் இதேதான். முதல் பத்து நிமிடத்தில் நிறம் மளமளவென்று குறையும். கடைசிக் கொஞ்சம் போவதற்கு மணிக்கணக்காகும். கீழே அரவேணு, குஞ்சப்பனை என்று நிற்கும் இடங்களில் இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேர் ஏறுகிறார்கள். உள்ளே எண்ணிக்கை மாறுவதில்லை. அந்த நிலையை வேதியியலில் சமநிலை என்கிறோம். ஒட்டிய சாயம் ஒட்டியபடியே உறைந்துபோய் இருப்பதில்லை. சில மூலக்கூறுகள் கழன்று போகின்றன, சில வந்து ஒட்டுகின்றன.

நிறுத்தத்தில் எத்தனை பேர் நின்றாலும் ஐம்பது சீட்டில் ஐம்பது பேர்தான். இர்விங் லாங்மியூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1918-இல் எழுதிய சமன்பாட்டின் சாரம் இதுதான்: எல்லா சீட்டும் ஒரே மாதிரி, ஒரு சீட்டுக்கு ஒருவர், மடியில் யாரும் உட்காரக் கூடாது. ஒரு கிராம் பொருள் அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடிக்கும் என்பதை இந்தச் சமன்பாட்டில்தான் கணக்கிடுவார்கள். நிஜ பஸ் அப்படி இருக்காது என்பது நமக்குத் தெரியும். ஜன்னல் சீட்டு முதலில் போகும், டயருக்கு மேலே இருக்கும் சீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள். இயற்கைப் பொருள்களின் மேற்பரப்பும் அப்படித்தான் ஏற்றத்தாழ்வாக இருக்கும். அதற்கு ஃபிராய்ண்ட்லிக் என்பவரின் சமன்பாடு இருக்கிறது. ஆரம்பத்தில் அது வேண்டாம்.

சீட்டுக்கு மின்சுமையும் உண்டு. இலை, பட்டை, தோல், பாசி என்று தாவர உடம்புகளின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்று சில வேதித் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணத் தண்ணீரில் அவை பொதுவாக எதிர்மின்சுமையோடு இருக்கும். அதனால் நேர்மின்சுமை உள்ள சாயம் ஓடிவந்து ஒட்டும். மெத்திலீன் நீலம் அந்த ஜாதி. 1876-இல் செய்யப்பட்ட பழைய சாயம், ஆய்வகத்துக்கு ரொம்பச் செல்லம். எதிர்மின்சுமை உள்ள சாயம் கிட்டே வரத் தயங்கும்.

தண்ணீரில் புளிப்பைச் சேர்த்தால் கதை மாறும். அமிலத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு சீட்டைப் பிடித்துவிடும். மேற்பரப்பின் எதிர்மின்சுமை அடங்கிப்போகும். மெத்திலீன் நீலத்துக்கு இடம் குறையும், எதிர்மின் சாயத்துக்குத் தயக்கம் குறையும். உப்பும் அப்படித்தான் இடைஞ்சல் செய்யும். சோடியம் அயனிகள் என்கிற பெருங்கூட்டத்துக்கு நடுவே நீலச் சட்டைக்காரர் சீட்டுப் பிடிக்கத் திணறுவார்.

கடல்பாசியின் கெட்டித்தனம், அதன் எல்லை

இப்போது கடல்பாசிக்கு வரலாம். நிறம் நீக்க நன்றாக உதவுவது பழுப்புப் பாசிகள். நம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் சர்காசம், டர்பினேரியா ஆகிய இரண்டும் விளைகின்றன. அங்கே பாசி எடுக்கும் பெண்கள் முதலாவதைக் கட்டக்கோரை என்பார்கள். இரண்டாவது பார்ப்பதற்குப் பக்கோடா மாதிரி கொத்துக்கொத்தாக இருப்பதால் பக்கோடாப் பாசி.

இந்தப் பழுப்புப் பாசிகளின் செல்சுவரில் ஆல்ஜினேட் என்ற பொருள் இருக்கிறது. உலர்ந்த பாசியின் எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தில் நான்கு பங்குவரை இதுவே இருக்கலாம். ஆல்ஜினேட் என்பது கார்பாக்சில் தொகுதிகள் வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலி. போதாததற்கு ஃபியூகாய்டன் என்ற இன்னொரு பொருளும் உண்டு. அதில் சல்ஃபேட் தொகுதிகள் இருப்பதால் ஓரளவு புளித்த தண்ணீரில்கூட எதிர்மின்சுமை போகாது. வேறு மாதிரி சொன்னால், பாசி என்பது வாசல் முதல் கடைசி வரிசைவரை சீட்டு நிரம்பிய பஸ். மெத்திலீன் நீலத்துக்கு ஒரு கிராம் சர்காசத்தில் 200 மில்லிகிராமுக்கு மேலும் இடம் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு. தண்ணீர் வடிகட்டிகளுக்கு விலைகொடுத்து வாங்கும் கிளர்வுற்ற கரியோடு (ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டி போடக்கூடிய எண் இது.

சரி, அப்படியென்றால் திருப்பூர்த் தண்ணீரை எல்லாம் பாசியில் விட்டுவிடலாமே? இங்கேதான் பட்டறையில் கற்ற ஒரு விஷயம் எனக்கு நினைவுக்கு வரும். துணியில் பூ, கட்டம் என்று அச்சடிக்கும் பிரின்டிங் பட்டறைகளில் சாயம் ஓடிப் பரவாமல் இருக்க அதைக் கெட்டியான பசையாக்குவார்கள். ரியாக்டிவ் சாயத்துக்கு அந்தப் பசையை எதில் செய்கிறார்கள் தெரியுமா? சோடியம் ஆல்ஜினேட்டில். அதே கடல்பாசிச் சரக்கு. மாவுப் பசை போட்டால் சாயம் துணியை விட்டுவிட்டுப் பசையோடு பிணைந்துகொள்ளும். ஆல்ஜினேட்டோடு அப்படிப் பிணையாது. ரியாக்டிவ் சாயம் எதிர்மின்சுமை கொண்டது, ஆல்ஜினேட்டும் எதிர்மின்சுமை கொண்டது, ஒன்றையொன்று தள்ளிவிடும் என்பது ஒரு முக்கியக் காரணம். சாயம் ஒட்டாது என்பதற்காகவே பட்டறைக்காரர் காசு கொடுத்து வாங்குகிற பொருளை, சாயத்தை ஒட்டவைப்பதற்காக நாம் தேடுகிறோம்!

ஆகவே பதப்படுத்தாத பாசி அப்படியே பருத்திச் சாயக்கழிவுக்குச் சரிப்பட்டு வராது. சரிப்படுத்த வழிகள் உண்டு. தண்ணீரை நன்றாகப் புளிக்கவைப்பது ஒன்று. புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண் பி.ஹெச்.; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு, கூடக் கூடக் காரம். பல ஆய்வுக் கட்டுரைகளில் ‘பி.ஹெச். 2-இல் சிறந்த பலன் கிடைத்தது’ என்ற வரி வரும். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ரியாக்டிவ் சாயமிடுதலில் சோடா உப்பு போடுவதால் கழிவுநீர் காரமாக, பி.ஹெச். 9, 10 என்று வரும். அதை அமிலம் ஊற்றி 2-க்கு இறக்கி, நிறம் எடுத்து, மறுபடி காரம் ஊற்றி 7-க்கு ஏற்ற வேண்டும். பாசி மலிவுதான். அமிலமும் காரமும் யார் வீட்டுக் காசு? கூடவே அந்த இரண்டும் சேர்ந்து தண்ணீரில் இன்னும் உப்பைக் கூட்டும்.

பாசியின் மேற்பரப்புக்கு நேர்மின்சுமை தரும் வேதிப்பொருளைப் பூசுவது இன்னொரு வழி. அல்லது பாசியை விட்டுவிட்டு இறால் ஓட்டுக்குப் போவது. அதிலிருந்து எடுக்கும் கைட்டோசான் லேசாகப் புளித்த நீரில் நேர்மின்சுமை கொள்ளும். ரியாக்டிவ் சாயத்தைக் கண்டால் விடாது. ஆனால் ஓட்டைக் கைட்டோசானாக மாற்றவே அமிலம், காரம் என்று ஏகப்பட்ட வேலை இருக்கிறது. குப்பையிலிருந்து வந்தது என்பதற்காக அதை மலிவு என்று சொல்லிவிட முடியாது.

பதப்படுத்தாத பாசிக்கு இன்னொரு தொல்லை: தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று கரைந்து வழவழப்பாகும். வடிகட்டியை அடைத்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்தால் ஆல்ஜினேட் சங்கிலிகளைக் கால்சியம் இழுத்துக் கட்டிவிடும். பாசி இறுகிக்கொள்ளும்.

கடலில் இருந்து பாசியைப் பிய்த்து எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கட்டக்கோரைப் புதர்கள் மீன்குஞ்சுகளுக்கு மறைவிடம். கோத்தகிரித் தண்ணீரைத் தெளியவைக்க மன்னார் வளைகுடாவை மொட்டையடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆல்ஜினேட் எடுத்த பிறகு ஆலைகளில் மிஞ்சும் பாசிச் சக்கையையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எனக்கு அந்தப் பாதைதான் நியாயமாகப் படுகிறது.

மலிவு என்பது ஊரைப் பொறுத்தது

"அப்ப மண்டபத்துல இருந்து கொரியர்ல வரவழைச்சுடலாமா மாமா?" என்றாள். வரவழைக்கலாம்தான். 400 கிலோமீட்டருக்கு மேல். ராமேஸ்வரத்துக்காரருக்குப் பாசி மலிவு. நமக்கு லாரி வாடகையோடு சேர்ந்தால் அது மலிவு இல்லை. ‘மலிவுப் பொருள்’ என்று கட்டுரைகளில் படிக்கும்போதெல்லாம், எந்த ஊரில் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது.

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவருடைய மாணவர்களும் 1990-களிலேயே வாழைத்தண்டுச் சக்கை, ஆரஞ்சுத் தோல் என்று பக்கத்தில் கிடைப்பதை வைத்துச் சாயம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு தென்னைநார்க் கழிவையும் சோதித்தார்கள். கொங்கு நாட்டில் இருப்பவர்கள் கொங்கு நாட்டில் கிடைப்பதைக் கையில் எடுத்தார்கள். நாமும் அப்படிப் பார்த்தால் மலையில் என்ன இருக்கிறது?

கற்பூர மரத்து இலை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் யூகலிப்டஸ் என்பார்கள். தைலம் காய்ச்சிய பிறகு மலைபோலச் சக்கை மிஞ்சும். ஆனால் காய்ச்சுகிறவர்களைப் போய்க் கேட்டுப் பாருங்கள். உலர்ந்த சக்கை அடுத்த அடுப்புக்கு விறகு. அவர் அதைச் சும்மா தர மாட்டார். சீகை மரத்துப் பட்டையில் (வாட்டில் மரம், சீயக்காய் இல்லை) டானின் என்கிற துவர்ப்புப் பொருள் மிகுதி. தோல் பதனிடத்தான் அந்த மரத்தின் பட்டைக்கு மதிப்பே. அதைத் தண்ணீரில் போட்டால் சாயம் போகும் முன்னே பழுப்பு நிறம் இறங்கும். கேரட் தழை மாட்டுக்கு. காட்டை ஆக்கிரமித்திருக்கும் உண்ணிச்செடி வேண்டிய மட்டும் கிடைக்கும், வெட்டினால் காடும் வாழ்த்தும். வெட்டி, உலர்த்தி, அரைக்கிற கூலிதான் செலவு.

எல்லாவற்றையும்விடக் கைக்கு எட்டுவது தேயிலைச் சக்கை. தொழிற்சாலைக் கழிவுத் தேயிலையைச் சொல்லவில்லை. அதற்கு 1959-இல் இருந்து மத்திய அரசின் தனிக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. கழிவைக் கலப்படமாக விற்றுவிடக் கூடாது என்பதற்காக. யாரும் இஷ்டத்துக்கு வாங்கவோ விற்கவோ முடியாது. நான் சொல்வது வீட்டிலும் டீக்கடையிலும் வடிகட்டிய பின் கொட்டுகிற சக்கை. மெத்திலீன் நீலத்துக்குத் தேயிலைச் சக்கையில் கிராமுக்கு 80 மில்லிகிராம் போல இடம் இருப்பதாக அளந்திருக்கிறார்கள். பாசி அளவுக்கு இல்லை. ஆனால் சமையலறையில் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க

நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். முதல் தடவை சொதப்பியது. நம் வீடுகளில் பால், சர்க்கரை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்த சக்கைதான் கிடைக்கும். அதை லேசாக அலசிவிட்டு நீலத் தண்ணீரில் போட்டோம். தண்ணீர் நீலத்திலிருந்து பச்சை கலந்த பழுப்புக்கு மாறி, மறுநாள் புளித்த வாடை அடித்தது. சக்கையில் மிச்சமிருந்த டானினும் பாலும் இறங்கியதால் வந்த வினை. ஆலையில் இப்படி நடந்தால் நிறம் குறைந்தாலும் தண்ணீரில் அழுகும் பொருள் கூடிப்போகும். நிறமானியை மட்டும் பார்க்கிறவர் ஏமாந்துபோவார்.

இரண்டாம் தடவை பால் சேர்க்காத கட்டஞ்சாயாச் சக்கையை எடுத்தோம். தண்ணீர் மாற்றி மாற்றி ஆறு தடவை கொதிக்கவைத்தோம், வடிகிற தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை. அப்புறம் உலர்த்த வேண்டும். நவம்பர் கோத்தகிரியில் வெயிலுக்கு எங்கே போவது? விறகடுப்புக்கு மேலே முறத்தில் பரப்பி இரண்டு நாள். மெத்திலீன் நீலம் மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். மீன்களுக்குப் பூஞ்சை வராமல் இருக்க விடுவார்கள். கையுறை இல்லாமல் தொட்டால் ஒரு வாரத்துக்கு விரல் நீலம். சக்கை கலக்கிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திருப்பித் தரக் கூடாது, அம்மாவிடம் முதலிலேயே சொல்லி வாங்க வேண்டும்.

ஒரே மாதிரி நான்கு கண்ணாடி பாட்டில். இரண்டில் சில சொட்டு மெத்திலீன் நீலம் விட்ட தண்ணீர். இரண்டில் கேசரிப் பொடி கரைத்த தண்ணீர். கேசரி நிறங்கள் எதிர்மின் சாயங்கள், நம் ரியாக்டிவ் சாயத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு பெரிய ஸ்பூன் சக்கை போட்டுக் குலுக்கினோம். மற்றது ஒப்பிட்டுப் பார்க்க. அரை மணி நேரத்தில் நீல பாட்டில் வெளிறி, சாயந்தரம் குடிதண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. கேசரி பாட்டில் அசையவே இல்லை. அதில் வினிகர் ஊற்றிய பிறகு லேசாக மங்கியது, அவ்வளவுதான். எனக்கு நீல பாட்டிலைவிட இந்தக் கேசரி பாட்டில்தான் பிடித்தது. நீலத்தை மட்டும் வைத்துவிட்டு ‘தேயிலைச் சக்கை சாயத்தை நீக்கும்’ என்று எழுதினால் அது பாதிப் பொய்.

பாட்டிலிலிருந்து பட்டறைக்கு

ஒரு மனக்கணக்கு. நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் கழிவு வெளியேற்றும் சின்னப் பட்டறை. லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு கிலோ சாயம். கிராமுக்கு 80 மில்லிகிராம் பிடிக்கும் சக்கை என்றால் பன்னிரண்டரைக் கிலோ போதும். எல்லா சீட்டும் நிரம்பும்வரை காத்திருக்க முடியாது என்பதால் இருமடங்கு, 25 கிலோ. பரவாயில்லை என்று தோன்றும். அதே சக்கை பருத்திச் சாயத்தைக் கிராமுக்கு 10 மில்லிகிராம்தான் பிடிக்கிறது என்றால்? குறைந்தது 100 கிலோ, நடைமுறையில் 200. தினமும். ஈரத்தோடு எடைபோட்டால் அதற்கும் பல மடங்கு. அதை வைக்க இடம், அள்ள ஆள்.

இன்னொன்று. ரியாக்டிவ் சாயக் குளியலில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம்வரை உப்பு போடுவார்கள். கடல்தண்ணீரே சுமார் 35 கிராம்தான். சக்கையோ பாசியோ இந்த உப்பைத் தொடாது. நிறம் போய்த் தெளிந்த தண்ணீரை வயலுக்கு விட்டால் பயிர் கருகும். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கிப் பாசனத்துக்கு உதவாமல் போனது. அதற்கு நேர்ந்தது சாயக்கழிவின் நிறத்தால் மட்டும் வந்த கேடு இல்லை, உப்பாலும்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கும், ஒரு சொட்டும் வெளியே விடாமல் சவ்வு வடிகட்டியிலும் ஆவியாக்கிகளிலும் உப்பைப் பிரித்து எடுக்கும் முறை கட்டாயமானதற்கும் காரணம் அதுதான். அந்தச் சவ்வுகள் விலை அதிகம், சாயம் படிந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். சவ்வுக்கு முன்னால் நிறத்தைக் குறைத்துக் கொடுக்கும் எடுபிடி வேலைக்கு மலிவுப் பொருள்களை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தனியாக முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்ட முடியாது.

சாயம் ஏறிய சக்கையை என்ன செய்வது? அமிலத்தில் அலசினால் சாயம் கழன்று வரும். சக்கை மறுபடி உதவும், ஆனால் இப்போது கையில் ஒரு குடம் அடர்த்தியான சாய அமிலம் இருக்கும். திறந்தவெளியில் எரித்தால் தண்ணீரில் இருந்தது காற்றுக்குப் போகும். உரக்குழியில் போட்டால் மழையில் கசிந்து ஓடைக்கே திரும்பும். சாயக்கழிவுச் சேற்றைச் சிமெண்ட் ஆலைகளின் உயர்வெப்பச் சூளைகளில் எரிபொருளோடு சேர்த்து எரிக்கும் வழி நடைமுறையில் இருக்கிறது. அதுதான் ஓரளவு பாதுகாப்பானது. அதற்கும் லாரி வேண்டும்.

கண்காட்சி நாளில் அவள் மேசையில் நான்கு பாட்டில்களோடு ஐந்தாவதாக ஒன்றையும் வைத்திருந்தாள். நான் சொல்லிக்கொடுக்காதது அது. தெளிந்த நீல பாட்டிலில் இருந்து வடிகட்டி எடுத்த சக்கையைத் தனியாகப் போட்டு, அதன் மேல் வினிகர் ஊற்றி மூடியிருந்தாள். முந்தின நாள் ராத்திரி ஊற்றியதாம். வினிகர் வெளிர்நீலமாகியிருந்தது.